உகண்டாவின் பாப்பரசர் நாணயங்களும் நமுகொங்கோவின் முந்திய ஷஹீத்களும்

1969ஆம் ஆண்டு உகண்டா அரசாங்கம் பத்து நாணயங்கள் கொண்ட ஒரு ஞாபகார்த்தத் தொகுதியை வெளியிட்டது. அவற்றில் ஆறு வெள்ளி, நான்கு தங்கம். வெள்ளியில் 2, 5, 10, 20, 25, 30 ஷிலிங். தங்கத்தில் 50, 100, 500, 1000 ஷிலிங். அந்த வருடம் ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 2 வரை பாப்பரசர் ஆறாம் பவுல் உகண்டாவுக்கு மேற்கொண்ட விஜயமே வெளியீட்டுக்குக் காரணம். (எங்கட நாட்டுக் கத்தோலிக்கர்களில் மூத்தவர்கள் அவரை ஆறாம் சின்னப்பர் என்பார்கள்.) நாணயங்களின் ஒரு பக்கத்தில் உகண்டாவின் அரச இலச்சினை. மறுபக்கத்துக்கு எடுத்துக்கொண்ட உருவங்களில் பாப்பரசரின் முகமும் நமுகொங்கோ தியாகிகளின் நினைவாலயமும் உண்டு.

இதை ஏன் ஒரு முஸ்லிம் ஆய்விதழில் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நினைவாலயம் நிற்கும் நமுகொங்கோ என்ற இடத்தில், கிறிஸ்தவத் தியாகிகள் எரிக்கப்படுவதற்குச் சுமார் பத்து வருடங்களுக்கு முன்னர், ஏறக்குறைய எழுபது முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்துக்காக எரிக்கப்பட்டார்கள். நாணயத்தில் அவர்கள் இல்லை. ஆனால் நாணயத்தில் யாருடைய முகம் இருக்கிறதோ அவருடைய வாயால், அதே பயணத்தில், அவர்கள் நினைவுகூரப்பட்டார்கள். இந்த இரண்டாவது செய்தி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் அதில் உள்ள ஒரு சிக்கலைக் கவனிக்காமல் எடுத்தாள்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் நாணயத்தையே கொஞ்சம் பார்ப்போம். கொழும்பில் நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் இத்தொகுதியின் 30 ஷிலிங்கை எனக்குக் காட்டினார். கையில் வைத்தால் நாணயம் என்ற எண்ணமே வராது; ஏதோ பதக்கம் மாதிரி இருக்கும். எடை 60 கிராம். இத்தொகுதியின் வெள்ளி நாணயங்கள் எல்லாமே ஒரு ஷிலிங்குக்கு இரண்டு கிராம் என்ற ஒரே கணக்கில் செய்யப்பட்டவை. 2 ஷிலிங் 4 கிராம், 5 ஷிலிங் 10 கிராம் என்று ஏறிக்கொண்டு போகும். சந்தையில் மரக்கறி வாங்கக் கொடுத்த காசு அல்ல இது. பெட்டியில் வைத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே மினுக்கி அச்சிடப்பட்டது. சந்தையில் புழங்கிய உகண்டாச் சில்லறை வேறு. அது 1966இல் வந்தது.

தங்கத்தில் உள்ள கணக்குத்தான் சுவையானது. 1000 ஷிலிங் நாணயத்தின் எடை 138.24 கிராம், அதில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம். பெருக்கிப் பார்த்தால் சுத்தத் தங்கம் 124.4 கிராம் வரும், அதாவது சரியாக நான்கு அவுன்ஸ். அன்றைய உத்தியோகபூர்வ விலை ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 35 அமெரிக்க டொலர். நான்கு அவுன்ஸுக்கு 140 டொலர். ஒரு டொலருக்கு ஏழு ஷிலிங்கும் பதினான்கு சதமும் என்பது அன்றைய உகண்டாவின் நாணயமாற்று வீதம். 140 டொலரை அப்படி மாற்றினால் ஆயிரம் ஷிலிங்! ஆக, நாணயத்தின் மேல் எழுதியிருந்த பெறுமதியும் அதற்குள் இருந்த தங்கத்தின் பெறுமதியும் ஒன்றே. 500 ஷிலிங்கில் இரண்டு அவுன்ஸ், 100 ஷிலிங்கில் அவுன்ஸில் ஐந்தில் இரண்டு, 50 ஷிலிங்கில் ஐந்தில் ஒன்று. இது தற்செயலாக அமைந்திருக்க முடியாது. மூன்று வயதேயான ஒரு நாணயத்தின் அரசு, "எங்கள் ஷிலிங் தங்கத்துக்குச் சமம்" என்று உலகத்துக்குக் காட்டிய வேலை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். 1967 நவம்பரில் பிரித்தானியா பவுணின் பெறுமதியைக் குறைத்தபோது இலங்கையும் ரூபாவைக் குறைத்தது நினைவிருக்கும். கிழக்காபிரிக்க நாடுகள் குறைக்கவில்லை. அந்தப் பெருமையும் இந்த நாணயத்தில் இருக்கிறது.

பெருமை நீடிக்கவில்லை. 1971 ஜனவரி 25இல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டொலரைத் தொட்டது. உகண்டா ஷிலிங்கோ அதற்கு நேரெதிர்த் திசையில் போனது. 1987இல் பழைய நூறு ஷிலிங்குக்கு ஒரு புதிய ஷிலிங் என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கில் 1969இன் ஆயிரம் ஷிலிங் வெறும் பத்து ஷிலிங். அதற்குள் இருந்த நான்கு அவுன்ஸ் மட்டும் நான்கு அவுன்ஸாகவே இருந்தது. தீனாரையும் திர்ஹத்தையும் எடையால் மதித்த நம் பழைய ஃபுகஹாக்கள் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

புகண்டாவின் பழைய காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. லுகண்டா மொழியில் பணத்துக்குப் பெயர் 'என்சிம்பி'. அதன் மூலப் பொருள் சோழி. கிழக்குக் கடற்கரையிலிருந்து வணிகப் பாதைகளின் வழியே உள்நாட்டுக்குள் வந்த சோழிதான் அங்கே நீண்ட காலம் காசாக ஓடியது. அதே பாதையில் துணியும் துப்பாக்கியும் வந்தன. இஸ்லாமும் அதே பாதையில்தான் வந்தது.

இனி அரசியல். 1962 ஒக்டோபர் 9இல் உகண்டா சுதந்திரம் பெற்றது. நாட்டின் மிகப் பெரிய இராச்சியமான புகண்டாவின் மன்னர் (கபாக்கா) இரண்டாம் முத்தேசா அடுத்த ஆண்டு நாட்டின் ஜனாதிபதியானார். 1966இல் பிரதமர் மில்டன் ஒபோட்டே அவரை விலக்கினார். மே மாதம் இராணுவம் அரண்மனையைத் தாக்க, கபாக்கா தப்பி லண்டனுக்குப் போனார். 1967இல் இராச்சியங்களே ஒழிக்கப்பட்டன. ஆகவே பாப்பரசர் வந்திறங்கியபோது, தியாகிகளின் கதை எந்த இராச்சியத்தில் நடந்ததோ அந்த இராச்சியம் சட்டப்படி இல்லை. அதன் மன்னர் அந்நிய நாட்டில் இருந்தார். அந்த வருடம் நவம்பர் மாதமே அங்கே காலமானார். நாணயத்தில் இருப்பது குடியரசின் இலச்சினை.

இன்னொரு முரணும் உண்டு. ஒபோட்டேயின் கட்சிக்குப் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தர்களின் ஆதரவு. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்குக் கத்தோலிக்கர்களின் ஆதரவு. ஜனநாயகக் கட்சியின் ஆங்கில முதலெழுத்துகள் டீ, பீ. அதற்கு உகண்டாவில் மக்கள் பகிடியாகக் கொடுத்த விரிவு 'டினி யா பாப்பா'. சுவாஹிலியில் 'பாப்பரசரின் மார்க்கம்' என்று பொருள். அந்த 'டினி' வேறொன்றுமல்ல, நம் 'தீன்'தான். அரபுச் சொல் சுவாஹிலி வழியாகப் போய் ஒரு கத்தோலிக்கக் கட்சியின் பட்டப்பெயரில் உட்கார்ந்திருக்கிறது! பாப்பரசருக்கு இத்தனை மரியாதையோடு தங்க நாணயம் அடித்த அதே அரசாங்கம், அந்த வருடம் டிசம்பரிலேயே, ஒபோட்டே மீது நடந்த கொலை முயற்சிக்குப் பின், எதிர்க்கட்சிகளைத் தடை செய்துவிட்டது. மதத் தலைவரின் வருகை ஓர் அரசுக்கு எதற்கெல்லாம் உதவும் என்பதற்கு இந்த நாணயம் நல்ல சாட்சி. எங்கட நாட்டிலும் 1957இல் புத்த ஜயந்திக்காக ஒரு ரூபா, ஐந்து ரூபா நாணயங்கள் வெளிவந்தன. நாணயத்தில் மதம் ஏறும்போது அரசியலும் கூடவே ஏறுவது ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல.

விஜயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதவியில் இருக்கும்போது ஆபிரிக்காவுக்குப் பயணம் செய்த முதலாவது நவீன காலப் பாப்பரசர் ஆறாம் பவுல். கம்பாலாவில் ஆபிரிக்க ஆயர்களின் மாநாட்டை நிறைவு செய்து வைத்தார். கொலோலோவில் பெருந்திரளான மக்கள் முன் புதிய ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். நைஜீரியா–பியாஃப்ரா யுத்தத்தில் சமாதானம் செய்ய முயன்றார், கைகூடவில்லை. ஆகஸ்ட் 2இல் நமுகொங்கோவுக்குப் போனார். கத்தோலிக்கத் தியாகிகளின் இடத்தோடு நிற்காமல் அங்கிலிக்கன் தியாகிகளின் இடத்துக்கும் சென்றார். மறு வருடம், 1970 டிசம்பர் 4ஆம் திகதி, அவர் சில மணிநேரம் இலங்கைக்கும் வந்து போனது நம் மூத்தவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

நமுகொங்கோ புகண்டா மன்னர்களின் கொலைக்களங்களில் ஒன்று. 1885க்கும் 1887க்கும் இடையில் கபாக்கா ம்வங்காவின் கட்டளையால் கிறிஸ்தவர்களான அரண்மனைச் சேவகர்களும் பிறரும் கொல்லப்பட்டார்கள். 1886 ஜூன் 3ஆம் திகதி கரோலி ல்வங்காவும் தோழர்களும் நமுகொங்கோவில் எரிக்கப்பட்டது இதன் உச்சம். கத்தோலிக்கர் 22 பேர், அங்கிலிக்கன்கள் 23 பேர் என்று பெயர் பெயராகக் கணக்கு உண்டு. அந்த 22 பேரையும் 1964 ஒக்டோபர் 18இல் புனிதர்களாக அறிவித்தவரும் ஆறாம் பவுல்தான். ஆண்டுதோறும் ஜூன் 3 உகண்டாவில் பொது விடுமுறை. அந்த 22 பேரில் மத்தியா முலும்பா என்பவர், கிறிஸ்தவத்துக்கு வருமுன் இஸ்லாத்தில் இருந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஒருவர் மட்டும் அப்படித் தற்செயலாக வந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. புகண்டா அரண்மனையில் கிதாபு, தொழுகை, மறுமை, ஏக இறைவன் என்ற சொற்கள் எல்லாம் பாதிரிமார் வருமுன்பே பழகிப் போனவை.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது? 1844இல் அஹ்மத் பின் இப்ராஹீம் என்ற அரபு வணிகர் கபாக்கா சுனாவின் சபைக்கு வந்தார். மன்னர் ஒருநாள் ஆட்களைச் சர்வசாதாரணமாகக் கொல்லச் சொன்னபோது, இவர் எழுந்து நின்று, இவர்களும் உங்களையும் படைத்த அல்லாஹ்வின் படைப்புகள்தான், காரணமின்றிக் கொல்வது பாவம் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அப்படியொரு வார்த்தையைச் சுனாவின் சபையில் சொல்லிவிட்டு உயிரோடு திரும்பியதே பெரிய காரியம். சுனா அவரிடம் கேட்டு, குர்ஆனின் சில பகுதிகளைப் பாடமாக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. 1856இல் சுனா காலமானார். மகன் முதலாம் முத்தேசா அரியணை ஏறினார். (முன்னே சொன்ன, லண்டனில் காலமான முத்தேசா அதே வம்சத்தில் பின்னால் வந்தவர்.)

முத்தேசா அரபும் சுவாஹிலியும் படித்தார். பள்ளிகள் கட்டச் சொன்னார். 1867 முதல் ஏறக்குறைய பத்து வருடம் ரமழான் நோன்பு அரண்மனையில் நடைமுறையில் இருந்தது. ஹிஜ்ரி கலண்டர் வந்தது, ஸலாம் சொல்வது வந்தது. லுகண்டாவில் 'ஒகுசோமா' என்றால் வாசித்தல். அதுவே மார்க்கத்தைப் பின்பற்றுவதற்கும் வணங்குவதற்கும் சொல்லாயிற்று. பிற்காலத்தில் கிறிஸ்தவர்களையும் 'அபசோமி', வாசிப்பவர்கள் என்றே அழைத்தார்கள். ஓதுவதும் வணங்குவதும் ஒரே சொல்லாக நிற்பது, "ஓதப் போறான்" என்று பிள்ளையைக் குர்ஆன் மத்ரஸாவுக்கு அனுப்பும் நமக்கு விளங்காத ஒன்றல்ல.

ஆனால் முத்தேசாவிடம் ஒரு தடை இருந்தது. புகண்டா மரபில் கபாக்காவின் உடம்பிலிருந்து இரத்தம் சிந்தக் கூடாது. ஆகவே அவர் கத்னா செய்துகொள்ளவில்லை. தொழுகையிலோ அவரே முன்னே நின்றார்! சேவகர்களில் இளைஞர் பலர் மன்னருக்குப் பயந்து முஸ்லிமானவர்கள் அல்லர். மார்க்கத்தைப் படித்து ஏற்றவர்கள். 1870களின் நடுப்பகுதியில் எகிப்திய அரசின் ஆட்கள் வடக்கிலிருந்து புகண்டாவுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களோடு வந்த முஸ்லிம்கள் அரண்மனைப் பள்ளியின் கிப்லா பிழை என்றார்கள். கத்னா செய்யாதவர் இமாமாக நிற்பது கூடாது என்றார்கள். இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னருக்குப் பின்னால் தொழ மறுத்தார்கள். கத்னா செய்யாதவர்கள் அறுத்த அரண்மனை இறைச்சியை உண்ண மறுத்தார்கள்.

இதை இன்றைய கண்ணோடு ஒரு ஃபிக்ஹுப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் விஷயம் விளங்காது. கபாக்கா தரும் உணவை மறுப்பது அந்தச் சபையில் அவரது அதிகாரத்தையே மறுப்பதற்குச் சமம். அவர் முன்னே நிற்கும் தொழுகையை விட்டு விலகுவது, உனக்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது. அத்தோடு எகிப்து தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. தன் சேவகர்களே எகிப்தியரின் பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள் என்ற பயமும் முத்தேசாவுக்கு இருந்தது. அவர்களைப் பிடித்து நமுகொங்கோவுக்கு அனுப்பினார். எரிக்கப்பட்டவர்கள் சுமார் 70 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அதைவிடக் கூட்டிச் சொல்வோரும் உளர். காலம் 1875–76. அங்கிலிக்கன் மிஷனரிமார் புகண்டாவுக்கு வந்தது 1877இல், கத்தோலிக்க வெள்ளைப் பாதிரிமார் 1879இல். ஆக, இந்தக் கொலைகள் நடந்தபோது எழுதி வைக்க ஒரு மிஷன் அங்கே இருக்கவில்லை.

இந்தக் கடைசி வசனத்தில்தான் எனக்கு மனம் நின்றுவிடுகிறது. கிறிஸ்தவத் தியாகிகளின் பெயர், வயது, குலம், கொல்லப்பட்ட திகதி எல்லாம் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், பக்கத்தில் நாட்குறிப்பு எழுதும் பாதிரியார் இருந்தார், கடிதம் போய்ச் சேர ஓர் ஐரோப்பியத் தலைமையகம் இருந்தது, சாட்சிகளை விசாரித்துக் கோவை போட ஒரு திருச்சபை இருந்தது. முஸ்லிம்களுக்கு இருந்தது வாய்வழி ஞாபகம். சன்ஸிபார் வணிகர்கள் கணக்குப் புத்தகம் எழுதினார்கள்; ஷஹீதானவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதவில்லை. ராவிகளின் வரலாற்றை இத்தனை நுணுக்கமாகத் தொகுத்த ஒரு உம்மத்தின் பிள்ளைகள் நாம். ஆனால் கடலோரங்களிலும் உள்நாடுகளிலும் வாழ்ந்த நம் சிறு சமூகங்கள் தம் சொந்த மௌத்துகளை எழுதி வைத்தது குறைவு. இலங்கையில் ஊர் வரலாறு எழுத உட்காரும் எவருக்கும் இந்த வலி தெரியும்.

1964இல், 22 பேர் உரோமையில் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட அதே வருடம், 'உகண்டா ஜேர்னல்' என்ற ஆய்விதழில் புகண்டாவின் முஸ்லிம் தியாகிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர்: அஹ்மத் கட்டும்பா, மேக்கரேரேயில் பணியாற்றிய அங்கிலிக்கன் குருவானவர் வெல்போர்ன். ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவக் குருவும் சேர்ந்து எழுதியது. பிறகு ஆரியே ஓடெட், ஏ. பி. கே. கசோசி ஆகியோர் உகண்டாவில் இஸ்லாம் பரவியதைப் பற்றி எழுதிய நூல்களும் வந்தன. இஸ்லாமிய வரலாற்றின் இந்தப் பக்கத்தை அறியக் கிடைப்பதற்கு ஓடெட் போன்ற ஒரு யூத ஆய்வாளருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது 1969க்குத் திரும்புவோம். ஆகஸ்ட் 1ஆம் திகதி கம்பாலாவில் ஆறாம் பவுல் உகண்டா முஸ்லிம் சமூகத்தின் பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசினார். அப்போது உகண்டா முஸ்லிம்களே இரண்டாகப் பிளந்திருந்தார்கள். இளவரசர் பத்ரு ககுங்குலுவைத் தலைவராகக் கொண்ட கிபுலியின் பழைய தரப்பு ஒரு பக்கம், 1965இல் அரசாங்கத்தின் ஆதரவோடு தோன்றிய புதிய சங்கம் மறுபக்கம். வத்திக்கான் சங்கம் முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாக 1965 ஒக்டோபரில் அறிவித்து நான்கு வருடமே ஆகியிருந்தது. அந்தச் சந்திப்பில் பாப்பரசர் சொன்னதன் சாரம் இது: கத்தோலிக்க, அங்கிலிக்கன் தியாகிகளை நினைக்கும்போது, தம் மார்க்கத்தின் கட்டளைகளை மீற மறுத்ததற்காக முதன்முதலில் உயிர்விட்ட முஸ்லிம்களையும் தாம் மகிழ்வோடு நினைவுகூர்கிறார்.

'முதன்முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முந்தியவர்கள் முஸ்லிம்கள் என்பதை ஒப்புக்கொள்ளும் சொல் அது. மரியாதைக்காக ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வரிசையைச் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. 1964 உரோமைத் திருச்சடங்கில் அங்கிலிக்கன் தியாகிகளை நினைவுகூர்ந்த அதே மனிதர், ஐந்து வருடம் கழித்து இன்னொரு படி மேலே போனார். இதைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சிக்கல் வருடத்தில் இருக்கிறது. அந்த உரை சொல்லும் வருடம் 1848. நம் எழுத்தாளர்கள் சிலர் உரையை எடுத்தாளும்போது அந்த வருடத்தையும் அப்படியே பெயர்த்துவிடுகிறார்கள். 1848இல் ஆட்சியில் இருந்தவர் சுனா. அஹ்மத் பின் இப்ராஹீம் வந்து நான்கே வருடம். அந்தக் காலத்தில் மன்னருக்குப் பின்னால் தொழ மறுக்கும் அளவுக்கு மார்க்கம் படித்த பகண்டா இளைஞர் கூட்டம் ஒன்று இருந்திருக்க இடமில்லை. கத்னா, கிப்லா, இறைச்சி என்ற மூன்று பிணக்குகளும் முத்தேசாவின் காலத்துக்கே பொருந்தும். எகிப்தியர் வருகையோடு சேர்த்துப் பார்த்தால் 1875க்கு முன்னே அவற்றைத் தள்ள முடியாது. மார்க்கக் கட்டளையை மீற மறுத்ததால் கொல்லப்பட்டவர்கள் என்று பாப்பரசரின் உரை கூறும் அடையாளம் இந்த 70 பேருக்கே உரியது. வருடம்தான் பொருந்தவில்லை. உரை எழுதிக் கொடுத்தவரின் கையில் எங்கோ தவறிய எண் என்றே கொள்கிறேன்.

இது அற்ப விஷயம் அல்ல. பிழையான வருடத்தோடு ஒரு உண்மையைச் சொன்னால், சந்தேகிப்பவனுக்கு முழுக் கதையையும் தள்ளிவிட வழி திறந்து கொடுத்தவர்கள் ஆவோம்.

இதே நேர்மை மற்றப் பக்கத்துக்கும் வேண்டும். 1888இல் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து ம்வங்காவை விரட்டினார்கள். சில வாரங்களுக்குள் முஸ்லிம் தரப்பு கிறிஸ்தவத் தலைவர்களைத் துரத்திவிட்டுத் தலைநகரைக் கைப்பற்றியது. கத்னா செய்துகொண்ட கலேமா அரியணை ஏறினார். 1890க்குள் கிறிஸ்தவர்கள் திரும்பி வந்து முஸ்லிம்களை முறியடித்தார்கள். 1892இல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் தமக்குள்ளேயே சண்டையிட்டார்கள். கொல்லப்பட்டவர்களின் கதையை மட்டும் சொல்லி, அதிகாரம் கையில் வந்தபோது ஒவ்வொரு தரப்பும் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது, மவ்லிது ஆகிவிடும். ஆனால் 1888இன் யுத்தம் 1876இல் எரிக்கப்பட்ட இளைஞர்களின் கணக்கில் வராது. அவர்கள் கையில் வாள் இருக்கவில்லை.

நாணயம் முஸ்லிம்களைப் புறக்கணித்தது என்று குறை சொல்ல வேண்டுமா? அப்படி எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாப்பரசரின் வருகைக்கு அடித்த நாணயத்தில் பாப்பரசரும் அவர் தரிசிக்க வந்த ஆலயமும் இருப்பது இயல்பு. அங்கிலிக்கன்கள் 23 பேருக்கும் அதில் தனியிடம் இல்லை. மேலும் அந்த 70 பேரின் நினைவைப் பிரதிபலிக்க எந்த உருவத்தைப் பதித்திருக்க முடியும்? ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் தன் தீனாரிலிருந்து உருவங்களை நீக்கிக் கலிமாவைப் பொறித்த நாளிலிருந்து நம் நாணய மரபு எழுத்தின் மரபு. கிழக்காபிரிக்காவிலேயே கில்வா சுல்தான்களின் செப்புக் காசுகளில் முகம் இல்லை. எதுகையோடு அமைந்த அரபு வாசகம்தான் உண்டு. அந்த மரபில் ஒரு நாணயம் அடிப்பதானால் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

நமுகொங்கோவில் இப்போது கத்தோலிக்கரின் பெரிய ஆலயம் இருக்கிறது. பகண்டா குடிசையின் வடிவில், 22 தூண்களோடு, 1975இல் திறக்கப்பட்டது. அங்கிலிக்கன்களுக்கும் தனியிடம் உண்டு. முஸ்லிம்களும் தம் ஷஹீத்களுக்காக அங்கே ஒரு பள்ளிவாசலை வைத்திருக்கிறார்கள். ஜூன் 3இல் அங்கே திரளும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் பள்ளிக்கு வருபவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆறாம் பவுலின் 1969 உரையை எடுத்தாள விரும்பும் நம் எழுத்தாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: 1848 என்ற எண்ணை உரையில் உள்ளபடி காட்டுங்கள், பக்கத்திலேயே 1875–76 என்றும் எழுதுங்கள், மன்னர் சுனா அல்ல முத்தேசா என்றும் சேர்த்துவிடுங்கள்.